வண்டிக் காகிதத்தில் நான் போட்ட கையெழுத்து

காவாந்தண்டலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் மாப்பிள்ளையும் உன் பிள்ளைகள் இரண்டும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி முடிந்ததும் நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறோம். ஜெயா, இது அப்பா தன் கையால் எழுதும் முதல் கடிதம். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் சொல்லித் தரவும் இல்லை. ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது, விரல் வலிக்கிறது, ஆனாலும் உன் பெயரை எழுதி முடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிற சாயங்கால வகுப்பில் தமிழ்ச்செல்வி டீச்சர், முதலில் மகளுக்கு எழுதுங்க ஐயா, நல்ல சேதியா எழுதுங்க என்றார். நல்ல சேதி எழுதத்தான் எனக்கும் ஆசை. லீவுக்கு வந்த உன் சிநேகிதி செவ்வந்தி வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்ல முடியாது, போன் மாப்பிள்ளையுடையது, அவர் பக்கத்திலேயே நிற்பார், என்னைச் சொல்ல விடமாட்டார்.

வண்டி விஷயத்தில் மாப்பிள்ளை மோகன்குமார் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. உன்னிடம் அவர் சொன்னது பொய். எனக்காகச் சொன்ன பொய். நாலரை லட்சத்துக்குள் ஏழு பேர் உட்காருகிற பெரிய வண்டியாக, பழையதாக இருந்தாலும் நின்று ஓடுகிறதாகப் பார்க்கச் சொன்னாய். அவர் வெளிப் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிடுவார், நீங்களே முன்னால் நின்று வாங்குங்கப்பா என்றும் சொன்னாய். அந்த ஒரு வார்த்தையை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆடி மாதம் சின்னவனுக்கு மூச்சு இழுத்தபோது, கொட்டுகிற மழையில், மாப்பிள்ளை பைக் ஓட்ட அம்மா பின்னால் பிள்ளையைப் புடவையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு காஞ்சிபுரம் போனார்களே, அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வண்டி வந்தால் போதும் என்று ஆகிவிட்டது. வாலாஜாபாத் போகிற வழியில் வேதகிரி என்று ஒரு வண்டி புரோக்கர், அவன் ஷெட்டில் வெள்ளை நிறத்தில் ஒன்று நின்றது, பத்து வருஷ வண்டி, சீட்டுக்கெல்லாம் புது உறை, உள்ளே ஊதுவத்தி வாசனை. விலையும் நம் கைக்குள் இருந்தது. மாப்பிள்ளை மட்டும், இன்னா மாமா அவசரம், மெக்கானிக் புருஷோத்தமன் அண்ணன் நாளைக்கு வந்து பாக்கறேன்னு சொல்லிகீறாரு, ஒரு நாள் பொறு மாமா என்று என் காதோடு சொன்னார். வேதகிரியோ சாயங்காலம் வேறு பார்ட்டி வருவதாகச் சொன்னான். நான் மாப்பிள்ளையைப் பார்த்து, எம் பொண்ணு என்னை நம்பித்தான் சொல்லிகீறா, நீ கம்முனு இரு என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது.

ஒன்றரை லட்சம் அட்வான்ஸ், பேர் மாற்றியதும் மீதி என்று பேசி முடித்தோம். வேதகிரி ஒரு தாளை நீட்டினான். தமிழில்தான் இருந்தது ஜெயா. உட்கார்ந்து கூட்டிக் கூட்டி வாசித்திருந்தால் அரை மணி நேரத்தில் முடித்திருப்பேன். ஆனால் சுற்றி அத்தனை பேர் நின்றார்கள், நான் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படிப்பதை அவர்கள் பார்ப்பார்களே என்று வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போடுவதில் எனக்கு வெட்கம் இல்லை. கைரேகைக்கு மை டப்பாவை எடுத்து வைத்தவனிடம் அது வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பேனா வாங்கி முழுப் பெயரையும் போட்டேன். இரண்டு இடத்தில் கேட்டான், மூன்று இடத்தில் போட்டேன். உன் அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. ரேகை வெக்கிற காலத்துல நாலு பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினு அப்புறந்தான் வெச்சே, இப்ப எழுதத் தெரிஞ்சதும் யாரையும் கேக்காம போட்டுட்டு வந்து நிக்கிறே என்றாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

வண்டியை அன்றே வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டோம், மறுநாள் காலையில் புருஷோத்தமன் நம் வாசலில் வந்து அதைப் பார்த்தார். இன்ஜினைக்கூட முதலில் திறக்கவில்லை, டிரைவர் சீட்டுப் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த ஒரு முழம் செம்மண் நிறத்தில் விறைத்துக் கிடந்தது. கீழே விரித்த கார்ப்பெட்டைத் தூக்கினால் மாவு மாதிரி வண்டல், சீட்டு போல்ட்டெல்லாம் துரு. இது காரு இல்ல பெரியவரே, வெள்ளத்துல மெதந்த படகு, கழுவி உன் தலையில கட்டிட்டான் என்றார். இப்ப ஓடும், ஆனா ஒயரிங் எந்த ரோட்டுல, எப்ப பூடும்னு சொல்ல முடியாது, புள்ளைங்களை ஏத்தாதே என்றும் சொன்னார். உடனே நானும் மாப்பிள்ளையும் அதை ஓட்டிக்கொண்டு வேதகிரியிடம் போனோம். அவன் தாளை எடுத்துக் காட்டினான். வண்டியைச் சோதித்துப் பார்த்துத் திருப்தியாக எடுத்துக்கொண்டேன், இனி எந்தக் குறையும் சொல்லிக் கேட்கமாட்டேன் என்று அதில் இருக்கிறது. அழகாத்தான் போட்டுகீறே பெரியவரே, மூணு எடத்துல போட்டுகீறே, அப்புறம் இன்னா என்று சிரித்தான், அங்கே இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்போதுதான் மாப்பிள்ளை முன்னால் வந்து, அவரை இன்னாத்துக்குச் சொல்றே, நான்தான் போடச் சொன்னேன், என்னாண்ட பேசு என்றார். மத்தியானம் வரை நின்று பேசி, வண்டியைத் திருப்பிக் கொடுத்து, ஐம்பதாயிரத்தை விட்டுக்கொடுத்து ஒரு லட்சத்தை வாங்கினார். அன்று சாயங்காலம் நீ போன் செய்தபோதும், தான்தான் போடச் சொன்னதாக அதையே சொன்னார். நீ அவரைத் திட்டினாய். உன் சம்பளத்தில் ஐம்பதாயிரம் எத்தனை இரவு டூட்டி என்று நீ கேட்டது அறைக்குள் இருந்த எனக்குக் கேட்டது. நான் வெளியே வந்து நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டது ஒரு தப்பு, வாயை மூடிக்கொண்டு நின்றது அதைவிடப் பெரிய தப்பு. அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, என்னிடம் மட்டும் எப்போதும் போல, இன்னா மாமா, டீ குடிச்சியா என்று கேட்கிறார். அந்த டீ எனக்கு இறங்கவில்லை.

ராஜகுளத்தில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தன் வண்டியை விற்கிறார், ஒரே கையில் இருந்தது, வருஷா வருஷம் புருஷோத்தமன்தான் சர்வீஸ் பார்த்தார். இடது பக்கம் இடிபட்ட சொட்டை இருக்கிறது, பார்க்கப் பளபளப்பு இல்லை, கேட்பது மூன்றே முக்கால் லட்சம். மாப்பிள்ளை போக மாட்டேன் என்கிறார், இனி உன் பணத்தைத் தொடுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நான் போகச் சொன்னால் போகமாட்டார், நீ சொன்னால்தான் போவார்.

குளிர் சாதனத்துக்கு நேராகப் படுக்காதே, உனக்குச் சளி பிடிக்கும். கர்த்தர் உன் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பார், உன்னைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பார். இதைப் படித்து முடித்ததும் போன் செய். என்னைக் கூப்பிடாதே, பிள்ளைகளையும் கூப்பிடாதே. முதலில் அவரிடம் பேசு அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா,
சூ. ஞானதாஸ்