வாயிலை விட்டு ஓடிய காவலன்

கடல் கொடுக்க, கரை சிறக்க! முத்து விளையும் பெருங்கழி நாட்டை ஆளும் கோப்பெருந்தேவி நங்கைமாறியாரின் தூதனாக வெண்மணல் தீவுக்கு வந்துள்ள அமைச்சன் விடங்கன் சாத்தன், சங்கமுனைத் துறைத்தலைவர் நக்கன் கொற்றனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையும் சுற்றமும் தழைத்து வாழ்க.

வென்றோம். ஆறு திங்களுக்கு முன் புயலில் திசை மாறி இத்தீவில் ஒதுங்கி, ஒற்றரென்று சிறைப்பட்ட நம் முத்துக்குளிப்போர் முப்பத்திருவரும் விடுதலை பெற்றனர். காற்பந்தாட்டத்தில் தம் அணியை நாம் வென்றால் அவர்களை விடுவிப்பதாகவும், ஆட்டம் சமனாக முடியின் சிறை நீடிக்குமென்றும் தீவரசர் அறிவித்திருந்ததைத் தாங்கள் அறிவீர்கள்.

நம் வாயிற்காவலன் பூதன் அழிசி பதினான்கு ஆண்டுகளாகப் பந்துவாயிலைக் காப்பவன். ஆயினும் அங்கே அடங்கி நிற்க அறியாதவன். பாய்ந்து வருவோர் காலடியில் விழுந்து பந்தைப் பறிப்பதே அவன் வழக்கம். மூக்குடைந்ததும் இரு விரல்கள் கோணியதும் அதனாலேயே. காவலனான எட்டாம் ஆண்டில் அவன் பந்தோடு நடுக்களம்வரை சென்று, அதைப் பறிகொடுத்து, நாம் தோற்றபோது மக்கள் சேறு வீசினர். அவனை நீக்குமாறு விண்ணப்பித்தவன் நானே. அஞ்சி நிற்கும் காவலர் நமக்கு வேண்டிய மட்டும் உண்டென்று கூறித் தேவியார் மறுத்தருளினார்.

இன்று இரு அணியும் தலா ஒருமுறை பந்தைப் புகுத்திச் சமனாக நிற்க, ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. தீவின் முன்னணி வீரன் ஒருவன் தனியே பந்தோடு வர, அழிசி இருபது அடி ஓடிச்சென்று அவன் காலில் விழுந்து பந்தை மார்போடு அணைத்தான். இடத்தோள் கழன்றது. வேறொருவனாயின் பந்தை எட்டி உதைத்துவிட்டுப் படுத்திருப்பான். இவனோ எழுந்தான், பந்தைக் காலடியில் இட்டான், ஓடினான். பின்னே வாயில் வெறுமையாய்க் கிடந்தது. "திரும்பி வாடா, அழிசி!" என்று நான் பதவியை மறந்து கத்தினேன். மூவரைக் கடந்தான். நான்காமவன் மோதுமுன் நம் வீரன் மருதிக்குப் பந்தைத் தள்ளினான். மருதி அடித்தான், பந்து புகுந்தது. விலங்கோடு களத்தோரம் அமர்த்தப்பட்டிருந்த முப்பத்திருவரும் எழுந்து குரலெடுத்த ஓசை இன்னும் என் காதில் நிற்கிறது.

ஏன் ஓடினாய் என்று பின்னர் வினவினேன். "ஐயா, நான் வாசல்லயே நின்னிருந்தா நாம தோத்திருக்க மாட்டோம். ஆனா அவங்க வீடு திரும்பியிருக்க மாட்டாங்களே" என்றான். மருத்துவர் தோளைப் பொருத்துகையில் அவன் கையைப் பற்றியிருந்தேன். அவனைவிட உரக்கக் கூவியவன் நானென்று வீரர்கள் சிரிக்கின்றனர்.

ஆதலின், தேவியார் எனக்களித்த அதிகாரத்தால் ஆணையிடுவது: மூன்றாம் நாள் காலை நம் மரக்கலம் துறை சேரும். முப்பத்திரு வீட்டாரையும் கரைக்கு அழைத்து வருக. வரவேற்புரை எவரும் நிகழ்த்தற்க. பிள்ளைகள் முதலில் ஓடிச் சேரட்டும். கடைசி மனிதன் மணலில் கால் வைக்கும்வரை முரசு ஓயாதிருக்க.

சுறாமீன் இலச்சினை இட்டேன். இவ்வாணை நிறைவேறுக.