தும்புக்காரியின் வரி இலக்கம்

புங்குடுதீவு
5.2.1976

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்தைக் கடைப்பக்கம் வந்து போகிற நடராசா அண்ணை சொல்லித்தான் அறிகிறேன். நீங்கள் ஊருக்கு வந்து மூன்று வருடம். அது கிடக்கட்டும்.

ஒரு நல்ல செய்தி. என் சீதன வளவுப் பனைகளின் மட்டையை அடித்துத் தும்பு நார் எடுத்து விற்கிறேன் அல்லவா? இப்போது ஐந்து பெண்கள் என்னோடு வேலை செய்கிறார்கள். கப்பலில் தும்பு அனுப்புகிற கொழும்புக் கம்பெனி ஒன்று மாதம் பத்து அந்தர், அதாவது அரைத் தொன், எடுக்கச் சம்மதித்துவிட்டது. ஆனால் ஏப்ரல் முடிவதற்குள் வருமானவரி இலக்கம் கொடுக்கவேண்டுமாம். இல்லாவிட்டால் ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போய்விடும். பதினைந்து வருடம் கடை நடத்துகிற உங்களுக்கு இதெல்லாம் தெரியும். படிவம் ஒன்று வாங்கி அனுப்புங்கோ.

உங்கள்
சறோஜினிதேவி

கொழும்பு
1.3.1976

அன்புள்ள சறோஜினிதேவிக்கு,

ஊரெல்லாம் வரிக்காரரைக் கண்டு பின்கதவால் ஓட, நீர் வலியப் போய்க் கையைத் தூக்குகிறீர். ஓணானைப் பிடித்து மடியில் விட்டுவிட்டுக் குத்துது குடையுது என்றால் யார் என்ன செய்யலாம்?

படிவம் வேண்டாம். எனக்கு இலக்கம் இருக்கிறது. சரக்கை என் பெயரில் அனுப்பும். ஒப்பந்தத்திலும் நானே கையெழுத்து வைக்கிறேன். பெண்பிள்ளை வரிக் கந்தோர்ப் படி ஏறி இறங்குவது வடிவில்லை.

அன்புடன்
வ. பரமலிங்கம்

புங்குடுதீவு
21.4.1976

அன்புள்ள அத்தானுக்கு,

கோபிக்காதேங்கோ, நான் போனேன். கையெழுத்து உங்களுடையது என்றால் தொழிலும் உங்களுடையதாகிவிடும். விரல் கிழியத் தும்பு அடித்தது நான்.

யாழ்ப்பாணத்து வரிக் கந்தோருக்குப் பக்கத்து வளவுச் சிவக்கொழுந்து அக்காவைத் துணைக்குக் கூட்டிப் போனேன். மேசையில் இருந்த ஐயா வளவு உறுதிப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "உம்மட மனுசன்ர பேர் என்ன பிள்ளை? அவருக்கு இலக்கம் இருக்கோ?" என்றார். எனக்காகப் பெயர் சொல்லவேண்டிய அக்கா அந்த நேரம் பார்த்து வெற்றிலை துப்ப வெளியே போயிருந்தா. பதினெட்டு வருடமாக என் வாயில் வராத பெயர்.

"சொல்லாட்டில் எழுத ஏலாது," என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். "பரமலிங்கம். கொழும்பிலை கடை. ஓம், இலக்கம் இருக்குது." கடை விலாசத்தையும் சொன்னேன். கொழும்புக்கு எழுதிக் கேட்கிறேன், பிறகு வாரும் என்று அனுப்பினார்.

நேற்று மறுபடி போனேன். அந்தப் பெயரில், அந்த விலாசத்தில் கோப்பே இல்லையாம். எனக்கு முகம் எரிந்தது. ஐயா சிரித்துவிட்டு, "வளவும் உம்மட பேர், வேலையும் நீர். கோப்பும் உம்மட பேரிலையே இருக்கட்டும்," என்று இலக்கத்தை எழுதித் தந்தார். குறிகட்டுவான் பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதுகொண்டு வந்தேன். சந்தோஷத்தில்தான். இன்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன்.

புருசன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். அதற்குப் பயப்படாதேங்கோ. ஐயா உங்கள் விலாசத்தை எழுதி வைத்திருக்கிறார், அதற்குத்தான் பயப்படவேணும்.

உங்கள்
சறோஜினிதேவி

கொழும்பு
2.6.1976

அன்புள்ள சறோஜினிதேவிக்கு,

நேற்று இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். படிவம் ஒன்றைத் தந்து ஒரு மாதத் தவணை சொல்லிப் போனார்கள்.

நான் எழுதியது பொய். இலக்கம் இல்லை என்று உமக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஊருக்கு வராமல் இருந்ததற்கும் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, கடை நான் சொன்ன மாதிரி ஓடவில்லை. படிவத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. நீர் எப்படி நிரப்பினீர் என்று விவரமாக எழுதும்.

அன்புடன்
வ. பரமலிங்கம்

புங்குடுதீவு
9.6.1976

அன்புள்ள அத்தானுக்கு,

முதல் லொறி போய்விட்டது. பத்து அந்தர் கேட்டவர்கள் இனிப் பதினைந்து கேட்கிறார்கள். இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்திருக்கிறேன்.

படிவம் லேசு. வெட்டித் திருத்தாதேங்கோ, வருமானத்தை உள்ளபடி போடுங்கோ. விளங்காததை விட்டு வையுங்கோ. இருபதாம் திகதி கம்பெனியில் எனக்கு அலுவல் இருக்கிறது, மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மூன்று பேருமாக இருந்து முடிப்போம்.

இரண்டாம் பக்கத்தில் மனைவியின் பெயரும் மனைவியின் இலக்கமும் கேட்டிருக்கும். பெயரைக் கூச்சப்படாமல் எழுதுங்கோ. இலக்கத்தைக் கீழே தந்திருக்கிறேன்.

சறோஜினிதேவி பரமலிங்கம்
இல. 2117