விட்டுப்போன கல்யாணச் செய்தி

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் நானும் அம்மாவும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் முகேஷும் சுகமாக இருக்க வேண்டும். முகேஷ் பெயரை அப்பா எழுதிவிட்டாரே என்று பதறாதே, எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

விஷயம் என்னவென்றால் நான் இப்போது காலேஜுக்குப் போகிறேன்! இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பத்திரிகை தர்மம் பற்றி ஆறு வாரச் சொற்பொழிவு, யாரும் வரலாம் என்றார்கள். பன்னிரண்டு வருடமாக நம் கோவில் மாத இதழை நடத்துகிறவனுக்குப் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்ற மிதப்போடுதான் போனேன். முன்வரிசையில் நோட்டு எடுக்கிற ஒரே வழுக்கைத் தலை நான்தான், பிள்ளைகள் அங்கிள் அங்கிள் என்று சுற்றி வருகிறார்கள், கேண்டீன் காபிதான் சகிக்கவில்லை. நாலாவது வாரம் லவினா என்று ஒரு பேராசிரியை, உன் வயதுதான் இருக்கும், பொய்யை அச்சிடுவது மட்டும் தப்பில்லை, பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு செய்தியை விடுவதும் அதே தப்புதான் என்றார். அதற்குமேல் எனக்குப் பேனா ஓடவில்லை. நம் கோவில் பங்கு மக்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றையும் நான் இதழில் விட்டதில்லை, ரெண்டு வருடம் முன் நடந்த உன்னுடையதைத் தவிர. முகேஷ் வேறு மதம் என்று நானும் வராமல், அம்மாவையும் வரவிடாமல், ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம் கோவில் இதழில் வராது என்று சட்டம் வேறு பேசினேன். நம் பக்கத்து வீட்டு டேரில் மகனுடைய ரிஜிஸ்டர் கல்யாணத்தைப் படத்தோடு போட்டவனும் நான்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், "ரெண்டு வருஷமா அந்த புக்கை நான் கையால தொடலை, உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தப்பு முழுக்க என்னுடையதுதான் கண்ணு.

இதோ, வரும் இதழின் முதல் பக்கத்தில் திருத்தம்: "ஜோகுபாளையம் ஓஸ்வால்ட் – அல்போன்சா மகள் ஆஞ்சலாவுக்கும், தொம்மலூர் ஜெயராமன் – வீணா மகன் முகேஷுக்கும் நடந்த திருமணச் செய்தி வேண்டுமென்றே விடப்பட்டது. வருந்துகிறேன். – ஆசிரியர்." வேண்டுமென்றே என்பதை எடுத்துவிடலாமே என்றார் ஃபாதர், முடியாது என்றுவிட்டேன். பெற்றோர் பெயரைச் சரிபார்க்க முகேஷ் வீட்டுக்கே போனேன், ஆட்டோவில் பத்து நிமிஷம்தான், இத்தனை நாள் போகவில்லை. "சம்பந்தி, ஊட்டா பண்ணிட்டுத்தான் போகணும்" என்று ஜெயராமன் கையைப் பிடித்துச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்துவிட்டார்.

ஒன்றுதான் பாக்கி. நம் இதழில் கல்யாணச் செய்தி எல்லாம் 'பெற்றோர் ஆசியுடன்' என்று முடியும். உங்களுக்கு அதைப் போட முடியவில்லை, நாங்கள் கொடுக்கவே இல்லையே. இப்போது கொடுக்கிறேன், அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். நீங்கள் இருவரும் நீடூழி நன்றாக இருங்கள். இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது, எங்கள் ஆசியை நீ வாங்கிக்கொண்டாயா என்று அதற்குள் ஒரு வரி எழுது, உன்னைக் கேட்காமல் 'பெற்றோர் ஆசியுடன்' என்பதைப் போடமாட்டேன்.

அன்பு அப்பா,
ஓஸ்வால்ட்