பாப்பாவுக்கு கேரட், மாமாவுக்குக் கூழ்

லோகன்,

கிள்ளான் கொமுட்டர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன்.

பச்சை மூடி டப்பாவில் பாப்பாவின் கேரட் இருக்கிறது. விரல் நீளத்துக்கு நறுக்கி, தொட்டால் நசுங்கும்படி அவித்திருக்கிறேன். இட்லியையும் நீளமாகக் கிள்ளித் தட்டில் வையுங்கள், அவளே எடுத்துச் சாப்பிடட்டும். பிளெண்டரில் அரைத்த சோறு இனி அவளுக்கு இல்லை, உங்கள் அப்பாவுக்கு. டாக்டர் சொன்னது நினைவிருக்கட்டும்: ஒரு பருக்கைகூட முழுசாக இருக்கக் கூடாது, புரையேறிவிடும்.

"எங்கப்பாவ மட்டும் ரூம்ல வெச்சு ஊட்டுறே. இது வீடா, வார்டா லா?" என்று நேற்று கேட்டீர்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை பாப்பாவையும் மாமாவையும் மேசையில் ஒன்றாகத்தான் உட்கார வைத்தேன். பாப்பா தன் கேரட்டை மாமாவிடம் நீட்டினாள். பக்கவாதம் வந்ததிலிருந்து என் கரண்டியைக் கண்டாலே இறுக மூடிக்கொள்ளும் வாயை, அவர் அவளுக்காகத் திறந்தார். நான் பதறி அவள் கையைத் தட்டிவிட்டேன். இருவரும் என்னையே பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்கு அறையில் வைத்து ஊட்டுகிறேன்.

இன்று எல்லோரும் ஒன்றாகவே சாப்பிடுங்கள். நடுவில் நீங்கள் உட்காருங்கள்.

ஜனகா

பி.கு. அவள் மாமாவுக்கு நீட்டுவதை நீங்கள் வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். என்னைப் போல் தட்டிவிட வேண்டாம்.