சிட்டுவை வைத்திருப்பவருக்கு

பிப்ரவரி 6

என் மகளை வைத்திருப்பவருக்கு,

வணக்கம். குழந்தைகள் நல அலுவலகத்து மேடம் எழுதலாம் என்றார், எழுதுகிறேன். நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு எரிகிறது. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டாவது பிள்ளையைத் தூக்கி வந்திருப்பேன்.

என்னைப் பற்றி உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியும். ஆறு வயதுப் பிள்ளையை அறைக்குள் வைத்து, வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனவள். ஆமாம், பூட்டினேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு இரவு ஷிப்ட். பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. திறந்து போட்டால் யார் உள்ளே வருவார்களோ என்ற பயத்தில் பூட்டினேன். கீழ்வீட்டில் ஏதோ தீப்பிடித்துப் புகை மேலே வந்த அன்று, பூட்டை உடைத்துத்தான் அவளை வெளியே எடுத்தார்களாம். அன்றைக்கே அலுவலகத்தார் வந்து கொண்டுபோய்விட்டார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிட்டு என் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். இப்போது யார் காதைப் பிடித்துக்கொள்கிறாள்?

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா


பிப்ரவரி 14

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிட்டு நலம். நானும் என் காதைக் கொடுத்துப் பார்த்தேன், தட்டிவிட்டாள். எங்கள் வீட்டு நாயின் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். வேறு யார் தொட்டாலும் உறுமுகிற கழுதை, இவள் தொட்டால் மட்டும் அசையாமல் கிடக்கிறது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணவர் போன பிறகு பள்ளி வேன் ஓட்டுகிறேன். சொந்தப் பிள்ளை இல்லை. அலுவலகத்தார் கொண்டுவந்து விடும் பிள்ளைகளைக் கொஞ்ச காலம் வைத்திருந்து, வீடு சரியானதும் திருப்பி அனுப்புவேன்.

சிட்டுவுக்குக் கீழ்ப்பல் ஒன்று விழுந்துவிட்டது. கண்ணாடி முன் நின்று அந்த ஓட்டைக்குள் நாக்கை விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். முட்டையில் மஞ்சள் கருவைத் தொடமாட்டேன் என்கிறாள். உங்களிடமும் அப்படித்தானா?

அன்புடன்,
வேன் ஓட்டும் அக்கா


மார்ச் 2

அம்மா அவர்களுக்கு,

தங்கை என்று எழுதாதீர்கள். நமக்குள் எந்த உறவும் இல்லை.

என்னிடம் மஞ்சள் கருவைத்தான் முதலில் தின்பாள்.

நேற்று அலுவலகத்தில் அவளைப் பார்க்க விட்டார்கள். கதவருகில் நின்றவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. யாரைக் கேட்டு அவள் முடியை வெட்டினீர்கள்? பிறந்ததிலிருந்து நான் எண்ணெய் வைத்து வளர்த்த முடி. "முடி எங்கேடி?" என்று கேட்டால், "வெட்டியாச்சும்மா, கழுத்துல நல்லா காத்து வருது" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் பல் இல்லை. தினமும் அந்தப் பல்லை ஆட்டிப் பார்த்தவள் நான். விழுந்தது மட்டும் உங்கள் வீட்டில்.

இருந்த நேரம் முழுக்க உங்கள் புராணம்தான். வேனில் அவளுக்கு முன் சீட்டாம். நீங்கள் ஹாரன் அடிக்க விடுகிறீர்களாம். நாய் இப்படிப் பண்ணிச்சாம், அப்படிப் பண்ணிச்சாம். அந்த நாய் கொடுத்து வைத்தது.

அவள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள்? மேடம் பக்கத்தில் இருந்ததால் அவளிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

சிட்டுவின் அம்மா


மார்ச் 11

சிட்டுவின் அம்மாவுக்கு,

தங்கை வேண்டாம் என்றால் சரி, விட்டுவிடுகிறேன்.

தலை முழுக்கப் பேன். அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் வெட்டினேன். உங்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அது தப்புதான்.

என்னை 'வேன் அம்மா' என்று கூப்பிடுகிறாள். வேனில் வரும் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஆனால் வயிற்றெரிச்சல் உங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களைப் பார்த்துவிட்டு வந்தால் என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். நீங்கள் கொடுத்த மிட்டாயின் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். பெருக்கும்போது எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். அவள் கத்தின கத்தலைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். "அது எங்கம்மா குடுத்தது! நீ ஏன் தொட்டே? நீ யாரு?"

குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள் நான். ஒரு மிட்டாய்க் காகிதத்திடம் தோற்றுப் போனேன். நிஜமாகவே குப்பை என்று நினைத்துத்தான் போட்டேனா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேன் ஓட்டுகிறவள்


ஏப்ரல் 3

அம்மா அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துச் சந்தோஷப்படக் கூடாது என்று எனக்குத் தெரியும். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

எனக்குப் பகல் ஷிப்ட் கொடுத்துவிட்டார்கள். இஸ்திரிப் பிரிவு. சூப்பர்வைசர் பின்னாலேயே நடந்து நடந்து வாங்கினேன். அறையையும் மாற்றிவிட்டேன். இதில் இரண்டு ஜன்னல், எதிரே ஒரு தையல்கடை, நாள் முழுக்க ஆள் நடமாட்டம். பள்ளி விட்டதிலிருந்து நான் வேலை முடித்து வரும் வரைக்கும்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மே மாதம் மாஜிஸ்திரேட் அம்மா விசாரிக்கிறார். சிட்டுவைப் பற்றி உங்களிடமும் எழுதிக் கேட்டிருக்கிறார்களாம். என்ன எழுதப் போகிறீர்கள்? கெஞ்சவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். இல்லை, கெஞ்சத்தான் செய்கிறேன்.

சிட்டுவின் அம்மா


ஏப்ரல் 12

சிட்டுவின் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எழுதி அனுப்பிவிட்டேன்.

சிட்டுவுக்கு நீங்கள்தான் வேண்டும் என்று எழுதினேன். உங்களைப் பார்க்கிற சனிக்கிழமை எப்போது என்று வாரம் முழுக்க நச்சரிக்கிறாள் என்றும் எழுதினேன். அவளால் சாத்திய கதவைத் தாங்க முடியவில்லை என்பதையும் எழுதினேன். குளிக்கும்போதுகூடத் திறந்தே இருக்க வேண்டும். காற்றில் தானாகச் சாத்திக்கொண்டாலும் உடம்பு விறைத்து, "தொற, தொற" என்று அலறுகிறாள். இது உங்களுக்கு எதிராகப் போகலாம். ஆனால் அந்தப் பயம் உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, அவளுடையது. அதை மறைக்க நாம் யார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள்தான் வேண்டும் என்கிறாள் என்பதை எழுதாமல் விட்டால் என்ன என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இங்கேயே இருந்துவிடட்டும் என்று ஒரு பேராசை. எத்தனையோ பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன், இப்படி ஆனதில்லை.

திட்டுவதென்றால் திட்டுங்கள்.

வேன் ஓட்டுகிறவள்


ஜூன் 9

அக்கா,

இந்தக் கடிதத்தை மேடம் வழியாக அனுப்பவில்லை. சிட்டுவின் பள்ளிப் பையில் வைக்கிறேன். தினமும் உங்கள் வாசலுக்கு வந்துகொண்டே கடிதமா என்று சிரிக்காதீர்கள். நேரில் எனக்குப் பேச வரவில்லை.

விசாரணையன்று நீங்கள் வெளியே பெஞ்சில் இருந்தீர்கள். உள்ளே நடந்ததை உங்களிடம் யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மாஜிஸ்திரேட் அம்மா முதலில் சிட்டுவிடம் தனியாகப் பேசிவிட்டு, அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணு ரொம்பத் தெளிவா இருக்காம்மா. அம்மாகூடத்தான் இருப்பேன்கிறா. ஆனா அம்மா வேலைக்குப் போனா பூட்டக் கூடாதாம். வேன் அம்மா வீட்டுல விடணுமாம். அவங்களைக் கேட்டாச்சு, சரின்னுட்டாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

வேறு யாரை வேண்டுமானாலும் வைக்கிறேன், அவர் மட்டும் வேண்டாம் என்று வாய்வரை வந்துவிட்டது. சிட்டு பெரிய நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு என்ன வேண்டும் என்று அவளை ஒருவர் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார். நான் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க எனக்கு ஏது நேரம்? "சம்மதம்" என்றேன். மனசில்லாமல்தான் சொன்னேன். வெளியே வந்து உங்களைப் பார்க்காமலே நடந்ததற்கு அதுதான் காரணம்.

வீட்டில் இப்போது தாழ்ப்பாள் போடுவதும் திறப்பதும் அவள் வேலை. கை எட்டுகிற உயரத்தில் கீழே ஒன்று வைத்துக் கொடுத்திருக்கிறேன். நேற்றுத்தான் முதல்முறையாகத் தானே சாத்திப் பார்த்தாள். உடனே திறந்துவிட்டாள். பரவாயில்லை.

ஆனால் நேற்று மாலை நடந்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். வேலை முடித்து ஓட்டமும் நடையுமாக வந்து நிற்கிறேன். இவள் உங்கள் முற்றத்தில் குழாயைப் பிடித்து வேன் கழுவிக்கொண்டிருக்கிறாள். "இன்னும் கொஞ்ச நேரம்மா!" என்கிறாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். எனக்கு அந்தக் குழாயைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"உள்ள வாம்மா" என்றீர்கள். "இல்ல, இங்கயே இருக்கேன்" என்று வாசற்படியில் உட்கார்ந்தேன். நீங்கள் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். டீ நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நாளைக்கும் படியில்தான் உட்காருவேன். அதற்கு மறுநாளும் அப்படித்தான் இருக்கும். உள்ளே வர மனசு இன்னும் ஒப்பவில்லை அக்கா, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் உள்ளே வரச் சொல்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

சிட்டுவின் அம்மா