வீட்டுக்குள் செருப்பு

பசுமலை,
ஞாயிறு பிற்பகல்.

அன்பு மகள் ஷெரினுக்கு அப்பா எழுதுவது. இறைவன் தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகம். அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை ஆலனும் குழந்தை ஜெஸியும் குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாயிருக்க வேண்டும். சுகம் என்று கை தானாக எழுதிவிட்டது, அது முக்கால் உண்மைதான். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வீடியோவில் அம்மா முகத்தை மட்டும் காட்டுகிறாள், காலைக் காட்டுவதில்லை. நான் வாயைத் திறந்தால் போனைத் திருப்பிக்கொள்கிறாள். நாளை மறுநாள் உங்கள் ஊருக்கு விமானம் ஏறும் ஆன்சனிடம் இட்லிப் பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

போன வார மழையில் நம் குடியிருப்பின் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, தரைத்தளத்தில் நாம்தானே இருக்கிறோம், நம் குளியலறை வழியாக அத்தனையும் மேலே வந்து கூடம்வரை பரவிவிட்டது. அம்மா ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். வெளியே படிக்கட்டு அருகில் இருக்கும் மெயின் சுவிட்சை முதலில் அணைத்தேன். ஆனால் மாடியில் யாராவது தண்ணீர் விட்டால் இங்கே மட்டம் ஏறியது. அடுத்த வேலை மேலே போய் நிறுத்தச் சொல்வது. இரண்டாம் மாடியில் அழகுபாண்டி மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன, உள்ளே சிரிப்பும் சாப்பாடும். சம்பந்தி வீட்டார் முன்னால் இந்த அசிங்கத்தை எப்படிப் பேசுவது என்று திரும்பி வந்துவிட்டேன், மறுபடி ஏறினேன், மறுபடி நின்றேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். விளக்கு இல்லாததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போல வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சர்க்கரை நோயால் வந்த புண் ஆறிக்கொண்டிருந்த அந்தக் காலையே முதலில் உள்ளே வைத்தாள். படியிலிருந்து நான் கத்திய பிறகுதான் நின்றாள்.

வெளிக் குழாயில் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, அவளைக் கைத்தாங்கலாக அழகுபாண்டி வீட்டுக்கு ஏற்றினேன். இந்த முறை நிற்கவில்லை, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் திரும்பி, "சம்பந்தி, கொஞ்ச நேரம் யாரும் பாத்ரூம் பக்கம் போகாதீங்க, கீழ சார் வீடு முங்குது" என்றார். பிறகு என்னிடம், "ஏண்ணே, இம்புட்டு நேரம் எங்க செருப்பையா எண்ணிக்கிட்டு நின்னீங்க?" என்று கேட்டார். கல்யாண மாப்பிள்ளையின் சித்தப்பாதான் எங்களைக் காரில் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து ஊசியும் மாத்திரையும் கொடுத்து, சிவப்போ வீக்கமோ காய்ச்சலோ கண்டால் உடனே வரச் சொன்னார். இதுவரை ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா வழியில் சொன்னதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரில் கால் வைத்தது தனக்குத் தெரியவே இல்லை என்றாள். ஈரம்கூட உறைக்கவில்லையாம்.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. சீக்கிரம் முடியுமென்று குடியிருப்பில் சிலர் கழிவுநீர்க் குழிக்குள் ஆள் இறக்கலாம் என்றார்கள், கூடாது என்று சொல்லிவிட்டேன், அதற்கு மட்டும் எனக்குத் தயக்கமே வரவில்லை. இயந்திர லாரி வந்து அடைப்பை எடுக்க மறுநாள் ஆயிற்று. பிறகு துப்புரவுக்கு வந்த சுருளி என்பவரும் நானும் பூட்ஸ், கையுறை, முகக்கவசம் போட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, முதலில் கசடை வாரி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அதற்கப்புறம்தான் பிளீச்சிங் கரைசல் விட்டு ஊறவைத்தோம். கூடவே ஆசிட்டும் ஊற்றினால் பளிச்சென்று ஆகும் என்று அம்மா மேலேயிருந்து சொல்லி அனுப்பினாள். இரண்டும் சேர்ந்தால் விஷவாயு வரும் என்று ஆசிட் பாட்டிலை அழகுபாண்டி மனைவி சுபலட்சுமியிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னேன். மெத்தை, பாய், கீழ்த்தட்டில் இருந்த அரிசி, பருப்பு எல்லாம் போயிற்று. எலக்ட்ரீசியன் பார்த்துச் சொன்ன பிறகுதான் மின்சாரம். சுவர் காயும்வரை அம்மாவை மேலே அழகுபாண்டி வீட்டிலேயே வைத்திருந்தேன். தினமும் நான் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு, நீங்க தடவிக் கொடுத்தா சீக்கிரம் காயுமா என்று கேலி செய்தாள்.

நேற்று வீடு திரும்பினோம். வாசலில் மறுபடி செருப்பைக் கழற்றினாள். வீட்டுக்குள் போட என்று வாங்கிவைத்த புதுச் செருப்பை நீட்டினேன். "திருஇருதய ஆண்டவர் முன்னால செருப்புக் காலோட நடக்கச் சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?" என்றாள். எனக்கும் உறுத்தல்தான். எனக்கென்று வாங்கியதை மாட்டிக்கொண்டு படத்துக்கு முன்னால் நடந்து காட்டினேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவளும் போட்டுக்கொண்டாள். இதை எழுதும்போது சமையலறையில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்கிறது. சத்தம் நின்றால் எட்டிப் பார்க்கிறேன். கழற்றி ஓரமாக வைத்துவிடுகிறாள்.

ஆலனுக்கு எங்கள் அன்பு, ஜெஸிக்கு முத்தம். ஆண்டவர் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. இனிமேல் நீ கூப்பிடும்போது முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் காலைக் காட்டச் சொல். யார் சொன்னது என்று சண்டைக்கு வருவாள். அப்பாதான் சொன்னார் என்று என் பெயரையே சொல்லிவிடு.

உன் அப்பா,
தனிஸ்லாஸ்