கியர் அத்தையின் பித்தப்பை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நோய் நொடி இல்லாம இருக்கீங்கன்னு நம்பிக்கிட்டு எழுதுறேன். இங்க நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். உன் கியர் அத்தையும் நல்லா இருக்காங்க, அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இனிமே நான் எழுதப்போறதைப் படிச்சா உனக்குப் பக்குன்னு இருக்கும். போன மாசம் நீ போன் பண்ணப்ப எல்லாம் அத்தை தூங்குறாங்க, அத்தை குளிக்கிறாங்கன்னு சொன்னோமே, ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாங்கன்னு நீகூடக் கேட்டியே, அப்ப எல்லாம் அவங்க ஆஸ்பத்திரியில இருந்தாங்க. அப்பா போனுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, சொல்லாதே சொல்லாதேன்னு கண்ணைக் காட்டிக்கிட்டே இருந்தார். அவர் கண்ணைக் காட்டினா அடங்குற ஆளா நான்? இந்த ஒரு தடவை அடங்கிட்டேன், அதுக்கு நீ எவ்வளவு வேணும்னாலும் திட்டு, வாங்கிக்கிறேன், ஆனா கடிதத்தை முழுசாப் படிச்சிட்டுத் திட்டு.

நடந்தது இதுதான். கீழ் வீட்டுத் தையல்காரம்மா பேத்திக்குப் பிறந்தநாள்னு கூப்பிட்டாங்க. உன் அத்தை அங்க போய் பொரிச்ச உருளைக்கிழங்கு ஒரு தட்டு, வெண்ணெய் கேக் ரெண்டு துண்டு, போதாக்குறைக்கு அப்பா தட்டுல இருந்த கேக்கையும் இவனுக்குச் சர்க்கரை ஆகாதுன்னு சொல்லி எடுத்துச் சாப்பிட்டாங்க. சாயங்காலமே வலது பக்க விலாவுக்குக் கீழ வலி. வாயுன்னாங்க. மறுநாளும் வாயுதான்னாங்க. வாயுவுக்கு ஏன் காய்ச்சல் வருதுன்னு கேட்டா, நீ என்ன டாக்டரான்னு என் மேல பாஞ்சாங்க. மூணாம் நாள் நான் வச்ச சூப்பை ஒரு குறையும் சொல்லாம குடிச்சாங்க பாரு, அப்பத்தான் இது வாயு இல்லன்னு எனக்கு உறைச்சுது. நாப்பத்தாறு வருஷத்துல நடக்காத விஷயம். உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுட்டேன். நம்ம கட்டடத்து லிப்ட் இன்னும் ரிப்பேர்தான், மூணு மாடியும் நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு இறங்கினாங்க. வண்டி கிளம்பினதும் படுத்த வாக்குல கண்ணைத் திறக்காமலே, கிளட்சை மெதுவா விடுன்னாங்க. டிரைவர் திரும்பிப் பார்த்து, மேடம் நீங்களான்னு கேட்டார். அத்தையோட டிரைவிங் ஸ்கூல்ல படிச்சவராம், நாலு மாசம் சேர்ந்தாப்பல ரிவர்ஸ் மட்டுமே எடுக்க வச்சாங்களாம். அவங்க பின்னாடி படுத்திருக்காங்கன்னு தெரிஞ்சப்புறம் அந்த மனுஷன் ஓட்டின ஓட்டத்துல, ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கிட்டுப் போனார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தா பித்தப்பை முழுக்கக் கல், பை வீங்கி சீழ் பிடிக்கிற நிலைமையில இருக்குன்னாங்க. ஊசி மருந்து ஏத்தி நாலு நாள்ல காய்ச்சல் இறங்குச்சு. அதுக்கப்புறம்தான் பஞ்சாயத்தே. ஆபரேஷன் பண்ற டாக்டரம்மா வந்து, வயித்துல நாலு சின்ன ஓட்டை போட்டுப் பையை எடுத்துடலாம், விட்டு வச்சா மறுபடி வரும், வரும்போது இதைவிட மோசமா வரும்னாங்க. வயசானவங்களையே பார்க்கிற இன்னொரு டாக்டர் வந்து, தொண்ணூத்தோரு வயசு உடம்பு, மயக்க மருந்துக்கு எப்படித் தாங்கும்னு சொல்ல முடியாது, இப்பத்தான் அடங்கியிருக்கு, சாப்பாட்டைப் பார்த்துக்கிட்டு இப்படியே ஓட்டலாம், திரும்ப வந்தா தோல் வழியா ஒரு டியூப் விட்டு வடிச்சுக்கலாம்னார். ரெண்டு பேர் சொன்னதும் சரியாத்தான் இருந்துச்சு, தொல்லையே அதுதான். ஒருத்தர் தப்பாச் சொன்னா முடிவெடுக்கிறது எவ்வளவு சுலபம். அப்பா கத்தியே கூடாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னார். நான் எடுத்தே ஆகணும்னேன். அத்தை கட்டில் காலடியில நின்னு நாங்க ரெண்டு பேரும் குழாயடிச் சண்டை போட்டோம், அத்தை மேல கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தாங்க. தலைமை நர்ஸ் வந்து, அவங்களைக் கேட்டீங்களான்னு கேட்டா. அவங்களுக்கு ஒண்ணும் புரியலம்மான்னார் அப்பா. காதுல மிஷின் இல்லாம எப்படிப் புரியும்னு கேட்டா அந்தப் பொண்ணு. மிஷின் எங்கன்னு தேடினா, என் கைப்பைக்குள்ள இருக்கு. நாலு நாளா! பத்திரமா இருக்கட்டும்னு நான்தான் கழட்டி வச்சேன். என் வாழ்க்கையில வாயடைச்சு நின்னது அன்னிக்கு ஒரு நாள்தான், அதையும் உன் அப்பா காலண்டர்ல குறிச்சு வச்சிருப்பார்.

மிஷினை மாட்டின உடனே அத்தை தன் வயித்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டது, என் வண்டியைப் பத்தி எல்லாரும் சேர்ந்து என்ன முடிவு பண்ணியிருக்கீங்கன்னுதான். அப்புறம் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, தொண்ணூறு தாண்டினவங்களுக்கு நீ எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கேன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு மழுப்பாம சொன்னா, பதினாலு பேர், அதுல பதினோரு பேர் பத்து நாளுக்குள்ள வீட்டுக்குப் போனாங்க, ரெண்டு பேர் மாசக்கணக்குல படுத்துட்டாங்க, ஒருத்தர் பிழைக்கலன்னு. அந்த ஒருத்தருக்கு என்னன்னு கேட்டாங்க. இதயம் ஏற்கனவே பலவீனம்னா. சரி, அப்ப என் இதயத்தைப் பாருன்னுட்டாங்க. மயக்க மருந்து டாக்டர் வந்து கையை அழுத்தச் சொன்னார், வராந்தாவில நடக்க விட்டார், நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னார், இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தார், இது என் இதயத்தைவிட நல்லா ஓடுதுன்னார். பக்கத்துக் கட்டில்ல எண்பத்தெட்டு வயசுல ஒரு அம்மா, இதே வியாதிதான், ஆனா இதயம் சரியில்ல, அவங்களுக்கு டியூப் வச்சே சரி பண்ணி அனுப்பினாங்க, சிரிச்சுக்கிட்டே போனாங்க. அத்தை அந்த வயசானவங்க டாக்டர்கிட்ட, நீங்க சொன்னது தப்பில்ல, அந்த அம்மாவுக்கு அது சரி, எனக்கு இது சரி, அடுத்த வலி எப்போன்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கடைசிக் காலத்தை ஓட்ட எனக்கு இஷ்டமில்லன்னாங்க. ஒரே ஒரு நிபந்தனை, முழிப்பு வரலன்னா மூச்சு மிஷினை வச்சு இழுத்தடிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கி, அவங்களே கையெழுத்துப் போட்டாங்க. அப்பா அழுதுட்டார். தம்பி, உனக்குப் பயமா இருந்தா நீ பண்ணிக்காதேன்னாங்க. அழுதுக்கிட்டே சிரிச்சார் மனுஷன்.

ஆபரேஷன் ஒண்ணரை மணி நேரத்துல நல்லபடியா முடிஞ்சுது. ஆனா மறுநாள் புத்தி தடம் மாறிடுச்சு, வயசானவங்களுக்கு இப்படி ஆகலாம், ரெண்டு மூணு நாள்ல தெளியும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார், இருந்தாலும் நேர்ல பார்க்கிறது வேறடி. வார்டைத் தன்னோட டிரைவிங் ஸ்கூல்னு நினைச்சு, சாப்பாட்டு வண்டி தள்ளிக்கிட்டு வந்தவரை கண்ணாடியைப் பார்த்துத் திருப்புன்னு அதட்டினாங்க. அப்பாவைக் காட்டி, இந்தக் கிழவர் யாரு, என் தம்பிக்கு இன்னும் மீசையே முளைக்கலயேன்னாங்க. அப்பா முகத்தைப் பார்க்க முடியல. அப்புறம் என் கையைப் பிடிச்சு இழுத்து, நீதானே என் தம்பிக்கு நான் பார்த்து வச்சிருக்கிற பொண்ணு, அவன் பயந்தாங்கொள்ளி, நீ வாயாடின்னு கேள்விப்பட்டுத்தான் உன்னைப் பிடிச்சேன், கல்யாணத்துக்கு அப்புறம் வாயைக் குறைச்சுடாதேன்னு ரகசியமாச் சொன்னாங்க. இத்தனை வருஷமா என் வாயைப் பத்தி அவங்க சொல்லாத சொல் இல்ல, நான் பதிலுக்குச் சொல்லாததும் இல்ல. நேரா பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதேன். ஆபரேஷன் ஆபரேஷன்னு நான் கத்தினதுக்கு என்ன காரணம்னு அங்கதான் எனக்கே விளங்குச்சு, சண்டை போட அவங்க இல்லாத வீட்டை என்னால நினைச்சுப் பார்க்க முடியல, அவ்வளவுதான். நர்ஸுங்க அத்தைக்குக் கண்ணாடியும் காது மிஷினும் மாட்டி, ஜன்னலோரமா உட்கார வச்சு, எதிர்ல பெரிய கடிகாரம் வச்சு, நல்லாத் தூங்க விட்டாங்க. மூணாம் நாள் தெளிஞ்சுடுச்சு. என்கிட்டச் சொன்னது எதுவும் அவங்களுக்கு ஞாபகம் இல்ல. நீயும் சொல்லிடாதே, என் மானம் போயிடும்.

இப்ப உன் ரூம்லதான் இருக்காங்க, கோல் ஊன்றாம நடக்கிறாங்க, உன் அலமாரியை ஒதுங்க வைக்கிறேன்னு தலைகீழாக்கி வச்சிருக்காங்க, வந்து நீயே சமாளிச்சுக்கோ. போன ஞாயிற்றுக்கிழமை எங்க ரெண்டு பேரையும் மேஜைக்கு முன்னாடி உட்கார வச்சு ஆளுக்கு ஒரு பேப்பர் குடுத்தாங்க. உங்களுக்கு இப்படி ஒண்ணு வந்தா என்ன வேணும், என்ன வேண்டாம்னு வாய் இருக்கும்போதே எழுதுங்கன்னாங்க. அப்பா அரை மணி நேரம் பேனாவைக் கடிச்சிட்டு எழுதினது, எனக்கு நினைவு தப்பினால் முடிவை என் மனைவி எடுக்கட்டும், நினைவு இருக்கும்போதும் அப்படித்தான் நடந்து வருகிறது. எனக்குப் பதிலா முடிவெடுக்க நான் உன் பேரை எழுதியிருக்கேன் கண்ணு. தூரத்துல இருக்கிறவளாச்சேன்னு அப்பா கேட்டார், இருக்கட்டும்னுட்டேன். அன்னிக்கு வந்து நின்னு அம்மா என்ன நினைச்சிருப்பாளோன்னு நீ தவிக்கக் கூடாது, அதனால அடுத்த தடவை போன் பண்ணும்போது, அம்மா அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கேன்னு கேளு, சொல்றேன். தயங்காம கேளு, நல்லா இருக்கும்போது பேசுறதுல ஒரு அபசகுனமும் இல்ல.

குளிர்ல காதை மூடிக்கிட்டுப் போங்க, பல் வலின்னியே, தள்ளிப் போடாம காட்டு. நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாம நூறு வயசு இருக்கணும்னு நாங்க மூணு பேரும் மனசார வாழ்த்துறோம். போன் பண்ண மறந்துடாதே, கேட்கவும் மறந்துடாதே.

என்றும் உன் நினைவா இருக்கிற
அம்மா